குடும்பத்தோடு வரச் சொன்னேன்

சிவமயம்

நான்காம் மாடி
(இதற்கு மேல் மொட்டைமாடியும் தண்ணீர்த் தாங்கியும் மட்டும்),
வெள்ளவத்தை.

திரு. நமசிவாயம் அவர்கள்,
மூன்றாம் மாடி,
எங்கள் ஹோலுக்கு நேர் கீழே.

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கை தவமலரின் கணவன் உமாசுதன் எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் இங்கு எல்லோரும் சுகம். வழமையாக இதற்கு அடுத்த வரியில் உங்கள் சுகத்தை விசாரிப்பேன். நீங்கள் காலமாகிப் பத்து மாதம் ஆகிவிட்டபடியால் அந்த வரியை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனையைப் பிடித்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். தவமலர் எட்டிப் பார்த்துவிட்டு, "விசாரியுங்கோ. விசாரிக்காட்டி அதுக்கும் கோவிப்பார்" என்றாள். ஆகவே விசாரிக்கிறேன். முழங்கால் நோ இப்போது எப்படி? அங்கே படிக்கட்டு இருக்கிறதா, லிஃப்டா? இந்தக் கடிதத்துக்கு முத்திரை ஒட்டவில்லை. உங்கள் வீட்டுத் திறப்பு எங்கள் சாமியறை ஆணியில்தான் தொங்குகிறது, ஆனால் அதைப் போட்டுத் திறக்கிற துணிவு இந்த வீட்டில் ஒருவருக்கும் இல்லை. கதவுக்குக் கீழே தள்ளிவிடுவதாக உத்தேசம். கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் டான்ஸ் பார்ட்டி நடந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லமாட்டீர்கள், நீங்களும் வந்திருந்தீர்கள். வந்ததில் எங்களுக்கு மெத்தச் சந்தோஷம். இந்தக் கடிதம் நீங்கள் வந்தது பற்றி அல்ல. இன்னும் போகாதது பற்றி.

கோபப்படாமல் முழுவதையும் வாசியுங்கள். உயிரோடு இருந்த காலத்தில் எங்கள் வீட்டுச் சத்தம் ஒன்றும் உங்களுக்கு ஆகாது. மிக்ஸி போட்டால் தட்டுவீர்கள். கதிரையை இழுத்தால் தட்டுவீர்கள். ஒருக்கால் எனக்குத் தும்மல் விடாமல் வந்தது, அதற்கும் தட்டினீர்கள். நிலம் கூட்டுகிற தும்புத்தடியைத் தலைகீழாகப் பிடித்து உங்கள் ஹோல் சீலிங்கில் நீங்கள் இடிக்கிற அந்த டொக் டொக் டொக், எங்கள் வீட்டில் ரயில் சத்தத்துக்கு அடுத்தபடி பழகிப்போன சத்தம். நானும் தவமலரும் பழகிவிட்டோம். பழகாதது எங்கள் மகள், உங்கள் மருமகள், மிதுனாதான். அவளுக்கு ஆட்டம் என்றால் உயிர். கம்பஸ் டான்ஸ் குழுவில் முன்வரிசை. எதிர் வீட்டு ஷஸ்னாவோடு சேர்ந்து எங்கள் ஹோலில்தான் பழகுவாள். அவள் குதியை ஊன்ற நீங்கள் தட்ட, நீங்கள் தட்ட அவள் இன்னும் பலமாக ஊன்ற, நடுவில் நானும் என் பத்திரிகையும். உங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மிதுனாவின் முதல் பல் விழுந்ததைத் தாளில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்த மாமன் நீங்கள். அப்படி இருந்தும் ஆடவிடமாட்டீர்கள். நீங்களும் ஒரு வகை மனிசன்தான்.

லிஃப்ட் பழுதாகிக் கிடந்த அந்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. படிக்கட்டில் அவள் ஏற நீங்கள் இறங்க, இரண்டு பேரும் முட்டிக்கொண்டீர்கள். "இதென்ன வீடோ, சர்க்கஸ் கூடாரமோ?" என்று நீங்கள் கேட்டீர்கள். அவளும் உங்கள் இரத்தம்தானே. "மாமா, நீங்கள் செத்தாத்தான் எனக்கு இந்த வீட்டில நிம்மதியா ஆடலாம்!" என்று சொல்லிவிட்டாள். நான் மேலே கதவடியில் நின்று கேட்டேன். நீங்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "அப்ப கொஞ்சம் பொறுத்துக்கொள்ளு, பிள்ளை" என்று சொல்லிக்கொண்டு இறங்கிப் போனீர்கள். கோபத்தில் சொன்னீர்களா பகிடிக்குச் சொன்னீர்களா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. அடுத்த மாதம் பிரம்புக் கதிரையில் இருந்தபடியே போய்விட்டீர்கள்.

உங்கள் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் பிள்ளை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்கள் "கல்லு மனசு" என்று குசுகுசுத்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும். அன்றிலிருந்து அவள் ஆடவில்லை, மச்சான். பாட்டுக் கேட்பதில்லை. அதைவிடப் பெரிய கொடுமை, எங்கள் வீட்டுக்குள்ளேயே நுனிக்காலில் நடக்கத் தொடங்கினாள். கீழே வீடு பூட்டிக் கிடக்கிறது, கேட்பதற்கு ஒரு சீவன் இல்லை, இவள் மேலே குதி நிலத்தில் படாமல் பூனை மாதிரி நடக்கிறாள். "ஏன் பிள்ளை?" என்று தவமலர் கேட்டால், "மாமாவுக்குக் கேக்கும் அம்மா" என்பாள். இதற்கிடையில் மெல்பேணில் மேற்படிப்புக்கு இடமும் கிடைத்து விசாவும் வந்துவிட்டது. பெட்டிக்குள் மிளகாய்த்தூள் வைக்கலாம், ஊறுகாய் வைக்கலாம். படிக்கட்டில் சொன்ன அந்த ஒரு வசனத்தையும் கட்டிக்கொண்டு பிள்ளையைப் பிளேன் ஏற விடலாமா? போவதற்கு முன் ஒரே ஒருக்கால் அவள் இந்த ஹோலில் குதி ஊன்றி ஆடிவிட வேண்டும், அதைப் பார்த்துவிட்டால் போதும் என்று நான் ஆசைப்பட்டேன். நடந்த அவ்வளவுக்கும் அந்த ஆசைதான் காரணம்.

யோசனை ஷஸ்னாவுடையது. "அங்கிள், பிரியாவிடை எண்டு சொல்லி வீட்டிலேயே டான்ஸ் பார்ட்டி வைப்பம். எங்கட மாமாட மகன் ரிஸ்கான் டீஜே. லைட், பெட்டி எல்லாம் அவன் கொண்டு வருவான். எல்லாரும் ஆடினா அவளும் ஆடத்தானே வேணும்?" என்றாள். எனக்கு நல்லதாகப் பட்டது. தவமலர் மட்டும் வாயில் கை வைத்தாள். "அண்ணைக்கு இன்னும் ஆட்டைத்திவசம் முடியேல்லை. ஒரு வருசத்துக்குள்ள வீட்டில டான்ஸ் பார்ட்டியோ? சனம் காறித் துப்பும்." ஐயருக்குப் போன் எடுத்தோம். அவர் ஒரு கலியாண வீட்டில் அவசரத்தில் நின்றார். "பிள்ளை தூரப் பயணம் போறா, பரவாயில்லை. அவரிட்ட ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ" என்று வைத்துவிட்டார்.

தவமலர் நினைத்தது, உங்கள் படத்துக்கு முன்னால் விளக்குக் கொளுத்தி மனதுக்குள் சொல்வது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. உங்களை எனக்குத் தெரியாதா? என் தங்கச்சியின் கலியாணத்துக்குப் போனில் சொன்னோம் என்று அவளின் வீட்டு வாசற்படியைச் சாகும்வரை மிதிக்காத ஆள் நீங்கள். நெருங்கிய சொந்தத்துக்கு நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும், படத்துக்கும் போனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே வேட்டி கட்டி, தட்டில் வெற்றிலை பாக்கு, சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டு இறங்கி வந்து, உங்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று மணியை அடித்தேன். கரண்ட் வெட்டி வைத்திருக்கிற வீட்டில் மணி அடித்தது. சரி, ஏதோ வயர் கோளாறு என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "மச்சான், வாற ஞாயிறு பின்னேரம் மிதுனாவுக்குப் பிரியாவிடை. சின்னனா ஒரு டான்ஸ் பார்ட்டி. நீங்கள் குடும்பத்தோட கட்டாயம் வரவேணும். ஒருத்தரையும் விடாமல் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டேன்.

வாய்ப் பழக்கம், மச்சான். நாற்பது வருஷமாக எந்த வீட்டுக்குப் போய்ச் சொன்னாலும் அந்த வசனம் அப்படித்தான் வாயில் வரும். படிக்கட்டில் நின்ற வாச்சர் பண்டார என்னையும் தட்டையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மாத்தயா, எதன கவுருத் நே நே?" என்றான். அங்கே ஒருவரும் இல்லையே என்கிறான். அந்த நேரம் பார்த்து உள்ளே பிரம்புக் கதிரை ஒருக்கால் முனகியது, ஆள் எழும்பும்போது முனகுமே, அப்படி.

மேலே வந்து தவமலருக்குச் சொன்னேன். அவள் மாவரித்துக்கொண்டு இருந்தவள், அரிதட்டைக் கீழே வைத்தாள். "குடும்பத்தோட எண்டோ சொன்னனீங்கள்?"

"ஓம், பின்ன எப்பிடிச் சொல்லுறது?"

"ஆரப்பா அவருக்குக் குடும்பம்? எல்லாரும் போய்ச் சேந்து மேலயல்லோ இருக்கினம்!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உங்கள் மனைவி சிவக்கொழுந்து அக்கா. உங்கள் அப்பா. குஞ்சியப்புமார், அவர்களின் மனிசிமார். தவமலர் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போய்த் திடீரென்று நெஞ்சைப் பிடித்தாள். "ஐயோ, அம்மாவையும் எல்லே கூப்பிட்டிட்டீங்கள்! ரிஸ்கான் மீன் கட்லட்டுக்கு ஓடர் குடுத்திட்டான்!" உங்கள் அம்மா, அதாவது என் மாமியார், சைவம் என்றால் அப்படி ஒரு சைவம் என்பதும், என்னை மருமகனாகப் பிடிக்காமலே கண்ணை மூடியவர் என்பதும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. போய் அழைப்பைத் திருப்பி எடுக்கலாமா என்றும் யோசித்தேன். சொல்லிவிட்டு வரவேண்டாம் என்பதைவிடப் பெரிய அவமரியாதை உண்டா? உயிரோடு இருக்கிறவனிடம் என்றாலும் மன்னிப்புக் கேட்கலாம். "விடும், ஐயரும் சொல்லச் சொன்னவர், சொல்லியாச்சு. செத்த ஆக்கள் டான்ஸ் பார்ட்டிக்கு வாறதோ?" என்று தவமலரை அதட்டிவிட்டு, மரக்கறி ரோல்ஸும் கொஞ்சம் ஓடர் பண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் செற்றியை அறைக்குள்ளும் சாப்பாட்டு மேசையை மூலைக்கும் தள்ளிவிட்டு, சுவரோரம் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கினோம். ரிஸ்கான் என் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் சுழல்கிற கலர் லைட்டும் கொண்டு வந்தான். நான் வேட்டி சால்வையோடு லிஃப்டுக்கு முன்னால் பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமுமாக நின்றேன். "அப்பா, இது டான்ஸ் பார்ட்டி, சாமத்தியவீடு இல்லை" என்று மிதுனா தலையில் அடித்துக்கொண்டாள். எதுவானாலும் வருகிற ஆளை வாசலில் வரவேற்காமல் எப்படி? பிள்ளைகள் வரத்தொடங்கினார்கள். ஜீன்ஸ் போட்ட பொடியனுக்கும் பன்னீர் தெளித்தேன். அவனும் "தேங்க்ஸ் அங்கிள்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனான்.

பிறகு லிஃப்ட் வந்து நின்று கதவு திறந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. சுருட்டு வாசம் மட்டும் வந்தது. எங்கள் தொடர்மாடியில் சுருட்டுக் குடித்த ஒரே ஆள் நீங்கள். கதவு மூடி, லிஃப்ட் தானாக மூன்றாம் மாடிக்கு இறங்கி, திரும்ப ஏறி வந்து திறந்தது. இந்தமுறை சந்தனப் பவுடரும் மல்லிகையும், சிவக்கொழுந்து அக்கா கோயிலுக்கு வெளிக்கிட்டு வருகிற அதே வாசம். இப்படியே லிஃப்ட் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. ஒரு பிள்ளை எட்டிப் பார்த்து, "அங்கிள், கீழ ஆரோ லிஃப்டைப் பிடிச்சு விளையாடுகினம்" என்றாள். நான் என்ன செய்வது? வெறும் லிஃப்டுக்குள் பன்னீரைத் தெளித்தேன். நம்புங்கள் மச்சான், ஒரு துளி நிலத்தில் விழவில்லை. கடைசி முறை தெளித்தபோது "ம்க்கும்" என்று ஒரு சத்தம் கேட்டது. மாமியார் என்னைப் பார்த்தால் போடுகிற அதே சத்தம். "வாங்கோ மாமி" என்றேன். மரியாதையில் நான் குறை வைக்கவில்லை என்பதை அவரிடம் சொல்லிவிடவும்.

உள்ளே போனால் பார்ட்டி செத்துக் கிடந்தது, இந்தச் சொல்லுக்கு மன்னிக்கவும். பாட்டுப் போகிறது, லைட் சுழல்கிறது, பிள்ளைகள் எல்லாம் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள், சுவரோரக் கதிரைகள் வெறுமையாகக் கிடக்கின்றன. ஒருவரும் அதில் போய் இருக்கவில்லை. ஷஸ்னா கால் நோகிறது என்று ஒரு கதிரையில் இருக்கப் போனவள் பாதியில் துள்ளி எழும்பி, "சொரி ஆன்ட்டி" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அங்கிள், இங்க யாரோ இருந்தாங்களே?" என்றாள். நான், "இரு பிள்ளை, சோடா கொண்டு வாறன்" என்று நழுவிவிட்டேன். மீன் கட்லட் தட்டு தானாக நகர்ந்து நகர்ந்து மேசையின் அந்தத் தொங்கலுக்குப் போயிருந்தது. மிதுனா குசினி வாசலில் ரோல்ஸ் தட்டோடு நின்றாள், நுனிக்காலில். சிரிக்கிறாள், எல்லோருக்கும் பரிமாறுகிறாள், ஆனால் குதி நிலத்தில் படவில்லை. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இவ்வளவு ஏற்பாடும் வீணாகப் போகப் போகிறதே என்று எனக்கு அழுகை வந்தது.

ரிஸ்கானுக்கு ரோசம் வந்துவிட்டது. "இப்ப பாருங்க அங்கிள்" என்று ஒரு பைலாத் துள்ளல் பாட்டை உச்சத்தில் போட்டான். யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இரண்டு மூன்று பேர் ஆடத் தொடங்கினார்கள். அப்போதுதான் காலுக்குக் கீழே கேட்டது.

டொக் டொக் டொக்.

மிதுனாவின் கையிலிருந்த தட்டுச் சரிந்து ரோல்ஸ் எல்லாம் உருண்டன. முகம் வெள்ளைக் கடதாசி. தவமலர் சாமியறைக்கு ஓடிப் பார்த்துவிட்டு, "திறப்பு ஆணியிலதான் கிடக்கு" என்றாள். ரிஸ்கான் பதறிப்போய்ப் பாட்டை நிற்பாட்டினான். "அங்கிள், இது என்ட பெட்டிச் சத்தம் இல்ல. கீழ இருந்து வருது. கீழ யாரு இரிக்காங்க?"

"ஒருத்தரும் இல்லைத் தம்பி" என்றேன்.

பாட்டு நின்ற அமைதியில் நீங்கள் திரும்பவும் தட்டினீர்கள், முன்னையதைவிடப் பலமாக. மிதுனா காதைப் பொத்திக்கொண்டு, "மாமா கோவிக்கிறார். நான் சொன்னனான், வேண்டாம் எண்டு நான் சொன்னனான்" என்று அழத் தொடங்கினாள். பத்து மாதமாக வராத கண்ணீர். ரிஸ்கானின் கை எங்கேயோ பட்டு, பைலா திரும்பப் பிடித்துக்கொண்டது. தட்டல் நின்றது. அவன் பயந்து அணைத்தான். உடனே டொக் டொக் டொக். போட்டான், நின்றது. அணைத்தான், தட்டல். ஷஸ்னாதான் வாய் திறந்தாள். "மிது, உங்கட மாமா பாட்டுப் போட்டதுக்குத் தட்டல்லடி. நிப்பாட்டினதுக்குத் தட்டுறார்!"

மிதுனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ரோல்ஸ்களுக்கு நடுவே, ஹோலின் நடுவுக்கு வந்தாள். வலது குதியைத் தூக்கி நிலத்தில் ஒருக்கால் ஊன்றினாள். கீழேயிருந்து ஒரு தட்டு. இரண்டு தரம் ஊன்றினாள். இரண்டு தட்டு. "மாமா?" என்றாள் நிலத்தைப் பார்த்து. "கோவமோ?" ஒன்றும் இல்லை. பிறகு மெதுவாக, தும்புத்தடி நுனியால் தடவினது போல, பைலாவின் தாளத்தில் தட்டத் தொடங்கினீர்கள், மச்சான். வாழ்நாளில் தாளம் போடத் தெரியாத ஆள். கோயிலில் பஜனைக்குக் கூடப் பிழையாகக் கை தட்டுகிறவர். பிழையாகத்தான் தட்டினீர்கள். அந்தப் பிழையில்தான் நீங்கள் என்று எனக்குச் சந்தேகமறத் தெரிந்தது. பிள்ளை அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே ஆடினாள். என் கண்முன்னால், அந்த ஹோலில், குதி ஊன்றி ஆடினாள்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? எல்லோரும் ஆடினார்கள். வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும், கொஞ்சப் பேர்தான், ஆனால் ஹோலில் கால் வைக்க இடமில்லை. வெறும் இடத்தில் என் முழங்கை ஒரு வயிற்றில் இடித்தது. ஆரோ என் காலை மிதித்தார்கள், குனிந்து பார்த்தால் ஒருவரும் இல்லை. குளிரென்றால் அப்படி ஒரு குளிர், பிள்ளைகள் ஏசி போட்டிருக்கு என்று நினைத்துக்கொண்டார்கள், எங்கள் வீட்டில் ஏசி கிடையாது. தவமலர் ஒரு கையை உயர்த்தி, ஆரோ பிடித்துச் சுற்றிவிடுகிற மாதிரிச் சுற்றினாள். கேட்டால், "சிவக்கொழுந்து அண்ணி கையில பழைய வளையல் குத்திச்சுது அப்பா" என்றாள். கையில் கீறல் இருந்தது. பிளாஸ்டிக் கதிரைகள் மட்டும் தாளத்துக்கு ஆடின. மாமியாரின் கதிரை ஆடவில்லை. கடைசிப் பாட்டுக்கு அதுவும் கொஞ்சம் ஆடியது.

இதுவரை எல்லாம் நல்லபடி. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வாசலில் கிடந்த சப்பாத்துகள் போய்விட்டன. பழஞ்செருப்புகள் சில மிஞ்சின. அதில் ஒரு சோடியின் சுண்டுவிரல் பக்கம், ஆணிக்கால் முட்டாமல் இருக்கப் பிளேட்டால் வெட்டின ஓட்டை. உங்களின் அந்தச் செருப்பை மலர்ச்சாலைக்குப் போகும் முன் நான்தான் குப்பையில் போட்டேன். ஆகப் பழையதாக இருந்ததால் போட்டேன், தப்பாக நினைக்க வேண்டாம். வீட்டுக்கு வந்தவர்கள் தாம்பூலம் கொடுத்து வழியனுப்பாமல் போகமாட்டார்கள் என்று வெற்றிலைத் தட்டை வாசலில் வைத்து, "போயிட்டு வாங்கோ" என்று சொன்னேன். காலையில் வெற்றிலை இல்லை. செருப்புகள் அங்கேயே இருந்தன.

புதன்கிழமை மிதுனா பயணமானாள். லிஃப்ட் வேண்டாம் என்று படிக்கட்டால் இறங்கி, உங்கள் கதவடியில் நின்று, "மாமா, போயிட்டு வாறன். அண்டைக்குச் சொன்னதை மறந்திடுங்கோ" என்றாள். குதியால் ஒருக்கால் ஊன்றினாள். உள்ளேயிருந்து ஒரு தட்டு. பெட்டி தூக்கி வந்த பண்டார, பெட்டியைப் போட்டுவிட்டு முழுப் படிக்கட்டையும் இரண்டு பாய்ச்சலில் இறங்கினான்.

இனி என் விண்ணப்பம். பிள்ளை போய்விட்டாள். பார்ட்டி முடிந்துவிட்டது. நீங்கள் மட்டும் முடிக்கவில்லை. ஒவ்வொரு நாள் பின்னேரமும் உங்கள் வீட்டில் பைலா நடக்கிறது. இரண்டாம் மாடி இப்றாஹிம் ஹாஜியார்தான் எங்கள் முகாமைத்துவக் குழுத் தலைவர், உங்களுக்குத் தெரியும். நேற்று அவர் மேலே வந்து, "உமாசுதன், எனக்கு ஒண்டு சொல்லுங்க. பூட்டின வீட்டுக்குள்ள மஃரிப் தொழுகை நேரம் யாரு குதிக்கிற? சீலிங்கில இருந்து சுண்ணாம்பு கொட்டுது. தும்புத்தடியால இடிச்சா, மேல இருந்து திருப்பி இடிக்கிறாங்க" என்றார். மற்றவர்களின் சத்தம் பொறுக்காத நமசிவாயம் வீட்டில் இருந்து சத்தம் என்று முறைப்பாடு வரும் காலமும் வந்துவிட்டது. என்னால் சிரிக்கவும் முடியவில்லை. எங்களுக்கும் வயது போகிறது. லிஃப்ட் திறக்கும்போதெல்லாம் நெஞ்சு திக்கென்கிறது. ஆகவே மச்சான், கைகூப்பிக் கேட்கிறேன். எல்லோரையும் கூட்டிக்கொண்டு, செருப்புகளையும் போட்டுக்கொண்டு, இருந்த இடத்துக்குச் சந்தோஷமாகப் போய்ச் சேருங்கள். ஆட்டைத்திவசத்துக்கு உங்களுக்குப் பிடித்த முருங்கைக்காய்க் கறியோடு படைக்கிறோம், ஒரு குறையும் வராது.

சிவக்கொழுந்து அக்காவுக்கு எங்கள் அன்பு. உங்கள் அப்பாவுக்கும் பெரியவர்களுக்கும் பணிவான வணக்கம். மாமியின் பாதங்களுக்குத் தனியாக ஒரு வணக்கம், மீன் கட்லட் என் பிழை அல்ல. பிள்ளை நல்லா இருக்க அங்கிருந்தே ஆசீர்வதியுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் தங்கையின் புருஷன்,
உமாசுதன்

பி.கு.: மேலே எழுதினது ஒண்டையும் வாசிக்க வேண்டாம். கடிதத்தைத் தள்ள வெளியில வந்தால், வாசலில செருப்பு ஒண்டும் இல்லை. இறங்கி வந்து உங்கட கதவில காது வைச்சன். கதிரைச் சத்தம் கூட இல்லை. நான் எழுதினதை எட்டிப் பார்த்திட்டுக் கோவிச்சுக்கொண்டு போயிட்டீங்கள் போல. அந்தக் குணம் மட்டும் மாறாது என்ன? பின்னேரம் லிஃப்டும் வரேல்லை, பைலாவும் இல்லை. மிதுனா மெல்பேணில இருந்து போன் எடுத்தவள். "அப்பா, இஞ்ச எனக்குக் கீழ ஒருத்தரும் தட்டுறாங்கள் இல்லை. மாமா இன்னும் தட்டுறாரோ? போனை நிலத்தில வையுங்கோ" எண்டாள். வைச்சன். நானும் தவமலரும் அவளும் கனநேரம் கேட்டுக்கொண்டிருந்தம். ஒரு சத்தமும் இல்லை. பிள்ளை போனை வைச்சிட்டாள். தவமலர் ஒவ்வொரு அறையாப் போய் லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறா. வீடு வெறுவெறெண்டு இருக்கு, மச்சான். இந்த அமைதிதான் எனக்கு இப்ப பயமா இருக்கு. வாற ஞாயிறும் பாட்டுப் போடுவம். நான் நேரில வந்து சொல்லுறன், மாமி உட்பட, குடும்பத்தோட வாங்கோ. மீன் ஒண்டும் வாங்கமாட்டன். இதை எழுதி முடிக்க முன்னம் நான் குதியால ஒருக்காத் தட்டிப் பார்த்தன். கீழ இருந்து ஒண்டும் வரேல்லை. கொஞ்சம் பொறுத்து, டொக் டொக் டொக் எண்டு மேல இருந்து கேட்டுது, தண்ணீர்த் தாங்கி இருக்கிற பக்கம். மொட்டைமாடித் திறப்பு பண்டாரவிட்டத்தான் இருக்கு, வேற ஒருத்தரும் அங்க ஏறேலாது. தவமலர் இப்ப கதிரையில ஏறி நிண்டுகொண்டு தும்புத்தடியால திருப்பித் தட்டுறா.